பள்ளி நூலகத்தின் காசு: கட்டுரை அடைவுக்குக் கொடுப்பதா, இணையம் போதுமா?

அடுத்த கல்வியாண்டுக்கான நூலகத் தொகையை முடிவு செய்யும் மாதங்களில் பள்ளிகளுக்கு விற்பனைப் பிரதிநிதிகள் வருவார்கள். முன்பெல்லாம் புத்தகப் பட்டியல் மட்டும் கொண்டுவந்தவர்கள், இப்போது இன்னொன்றையும் காட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான இதழ்களில் வந்த கட்டுரைகளைத் தேடித் தரும் இணையத் தரவுத்தளம் அது. ஆண்டுச் சந்தா கட்டினால் பள்ளி முழுவதும் பயன்படுத்தலாம். அவர்கள் போன பிறகு தாளாளர் நூலகரைக் கூப்பிட்டுக் கேட்பார்: "கூகுள்லயே எல்லாம் கிடைக்குதே சார், இதுக்கு எதுக்குக் காசு?"

கேள்வி நியாயமானதுதான். மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியின் நூலகர் நான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற பள்ளிகள் வெளிநாட்டுத் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டத் தேவையில்லை. அதற்காகக் கட்டுரைகளைத் தேடித் தரும் அடைவே வேண்டாம், இணையம் போதும் என்று விட்டுவிடவும் கூடாது. மிச்சமாகும் காசை எதில் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே இந்த முடிவு சரியா தவறா என்று சொல்ல முடியும்.

எந்தப் பொருளைப் பற்றி எந்த இதழில், எந்த மாதம், எந்தப் பக்கத்தில், யார் எழுதினார் என்பதைத் தலைப்பு வாரியாகச் சொல்லும் பட்டியல்தான் கட்டுரை அடைவு. அது இல்லாவிட்டால் பைண்டிங் செய்து அடுக்கிய இதழ்கள் எத்தனை இருந்தாலும் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். இதை முதலில் உணர்ந்து வேலையில் இறங்கியவர்களில் ஒருவர், கல்லூரி மாணவராக இருந்த வில்லியம் ஃபிரெடரிக் பூல். அமெரிக்காவின் யேல் கல்லூரியில் மாணவர் சங்க நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கும் கட்டுரைக்கும் தயாராகும் சக மாணவர்கள் பொருள் கிடைக்காமல் அலைந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய கட்டுரைகளோ அங்கேயே அலமாரியில் யாரும் தொடாமல் கிடந்தன. அவர் தயாரித்த அடைவு 1848-ல் அச்சானது. அது பெரிதாக வளர்ந்தபோது தனி ஒருவரால் சமாளிக்க முடியவில்லை. பல நூலகங்கள் ஆளுக்குச் சில இதழ்களை எடுத்துக்கொண்டு, கட்டுரைகளைக் குறித்து அனுப்பின. 1882-ல் வந்த பெரிய பதிப்பு அப்படி ஊர் கூடி இழுத்த தேர்.

பள்ளிகளுக்கும் பொது நூலகங்களுக்கும் அடைவு பரவலாகப் போய்ச் சேர்ந்தது 1901-க்குப் பிறகு. மினியாபொலிஸ் நகரப் புத்தக வியாபாரி எச். டபிள்யூ. வில்சன் அந்த ஆண்டு 'ரீடர்ஸ் கைடு' என்ற அடைவைத் தொடங்கினார். எல்லா நூலகத்துக்கும் ஒரே விலை என்று அவர் வைக்கவில்லை. சிறிய நூலகம் குறைவாகக் கட்டும், பெரிய நூலகம் கூடுதலாகக் கட்டும். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறையாக அந்தப் பச்சை அட்டைத் தொகுதிகளைப் புரட்டித்தான் கட்டுரை தேடக் கற்றுக்கொண்டார்கள். 2011-ல் வில்சன் நிறுவனம், தரவுத்தளங்கள் விற்கும் எப்ஸ்கோ நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. இன்று பள்ளிகளிடம் வரும் தரவுத்தளங்கள் இந்த வம்சத்தில் வந்தவைதான். ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. அச்சுத் தொகுதியை வாங்கினால் அது நூலகத்துக்குச் சொந்தம். தரவுத்தளம் வாடகை வீடு மாதிரி; சந்தாவை நிறுத்திய மறுநாள் நம் கையில் ஒன்றும் இருக்காது.

இனி இணையம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் 2004-ல் வந்த பிறகு, காசு கொடுத்து வாங்கும் அடைவு எதற்கு என்ற கேள்வி உலகம் முழுக்க எழுந்தது. என்னிடம் வந்த ஒரு தேடலை வைத்தே இதைப் பார்க்கலாம்.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு செய்யும் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் சிலர், மதுரை வண்டியூர் கண்மாயைப் பற்றித் தகவல் கேட்டு வந்தார்கள். இந்த மாநாட்டுக்கு உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்து, களத்துக்குப் போய் ஆய்வு செய்ய வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் உண்மையாகவே பழைய கட்டுரை தேட வேண்டி வரும் சந்தர்ப்பங்களில் இது முக்கியமானது. கூகுளில் கண்மாயின் பெயரைத் தட்டினார்கள். முதலில் வந்தவை ஆக்கிரமிப்பு அகற்றம், படகுச் சவாரி என்று நாலு வரிச் செய்திகள். பிறகு வீடியோக்கள். பிறகு 'கண்மாய் அருகே வீட்டு மனை' விளம்பரங்கள். கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மடை எத்தனை, பாசனம் எப்போது குறைந்தது என்று சொல்லும் ஒரு கட்டுரைகூட முதல் சில பக்கங்களில் இல்லை. அவை எழுதப்படாதவை அல்ல. தேடுபொறியின் வரிசையில் மேலே வரவில்லை, அவ்வளவுதான்.

அதே கேள்வியை, இலவச சோதனைக் காலத்தில் திறந்துவிட்டிருந்த ஒரு தரவுத்தளத்தில் போட்டுப் பார்த்தோம். தமிழில் தட்டியபோது ஒன்றும் வரவில்லை. தமிழ்நாட்டு ஏரிப் பாசனம் என்று ஆங்கிலத்தில் தட்டியதும் நல்ல ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. நீர் மேலாண்மை, பொருளாதாரம் என்று கனமான கட்டுரைகள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளால் முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. அவற்றில் சில கூகுள் ஸ்காலரிலும் முழுசாக, இலவசமாகக் கிடைத்தன. சிலவற்றுக்குச் சந்தா கட்டும் தரவுத்தளத்திலேயே சுருக்கம் மட்டும்தான் இருந்தது. புதிய இதழ்களின் முழுக் கட்டுரையை ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நிறுத்தி வைக்கும் பதிப்பகங்கள் உண்டு. பிரதிநிதி காட்டும் இதழ் எண்ணிக்கையில் இதெல்லாம் தெரியாது. 'எத்தனை இதழ்' என்று கேட்பதைவிட 'எத்தனைக்கு முழுக் கட்டுரை, எந்த ஆண்டிலிருந்து, எவ்வளவு தாமதத்தோடு' என்று கேட்க வேண்டும்.

கடைசியில் அந்தப் பிள்ளைகளுக்கு உதவியது எங்கள் நூலகத்தில் இருந்த, 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழின் பழைய தொகுதிகளும், ஒரு ஆசிரியை பல வருடமாக வெட்டி ஒட்டி வைத்திருந்த நாளிதழ்க் கட்டுரைக் கோப்பும்தான். அவர் ஒவ்வொரு துண்டின் மேலும் நாளிதழின் பெயரையும் தேதியையும் எழுதி, 'நீர்நிலை', 'காடு', 'குப்பை', 'நோய்' என்று தாள் பிரித்து வைத்திருந்தார். அடைவு என்ற பெயர் வைக்காமலே அவர் செய்திருந்த வேலை அதுதான்.

மனிதர் செய்த அடைவுக்கும் தேடுபொறிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. தேடுபொறி நாம் தட்டிய சொல்லைச் சுற்றியே தேடும். மதுரையில் கண்மாய் என்பதை வடக்கே ஏரி என்பார்கள். குளம், ஏந்தல், தாங்கல் என்றும் ஊருக்கு ஊர் பெயர் உண்டு. கட்டுரையாளர் தன் ஊர்ப் பெயரைத்தான் எழுதுவார். அடைவு தயாரிப்பவர் கட்டுரையைப் படித்துப் பார்த்து எல்லாவற்றையும் 'நீர்நிலைகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் சேர்ப்பார். மற்ற பெயர்களில் தேடி வருபவருக்கு 'நீர்நிலைகள் காண்க' என்று வழி காட்டுவார். தலைப்பில் கண்மாய் என்ற சொல்லே இல்லாத கட்டுரைகூட அப்போது கைக்கு வரும். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை 1924 முதல் நடத்திய எஸ். ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவதாக 'வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து' என்றார். அடைவுக்குக் கொடுக்கும் காசு, இப்படி ஒருவர் முன்கூட்டியே படித்துப் பிரித்து வைத்த உழைப்புக்கான கூலி. அந்தக் கூலியைத் தண்டம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இணையத்தை மட்டும் நம்பினால் வரும் ஆபத்துகளில் இரண்டு எனக்குப் பெரிதாகப் படுகின்றன. முதலாவது, பிள்ளைகளுக்குத் தரம் பிரிக்கத் தெரியாதது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர், விளம்பரம் என்று குறிப்பு போட்டிருந்த பக்கத்தையே உண்மையான செய்தி என்று நினைத்திருந்தார்கள். கையில் கணினியோடு வளர்ந்த பிள்ளைகளே அப்படி. நம் பிள்ளைகள் அதைவிட விவரமாக இருப்பார்கள் என்று நம்புவதற்கு நாம் அவர்களுக்குத் தனியாக எதுவும் சொல்லிக்கொடுத்துவிடவில்லை. இப்போது சாட்ஜிபிடி வேறு வந்துவிட்டது. கட்டுரைப் பட்டியல் கேட்டால், ஆசிரியர் பெயர், இதழ் பெயர், பக்க எண் எல்லாம் போட்டு, எழுதப்படவே இல்லாத கட்டுரையையும் சொல்லிவிடுகிறது. 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர், அது கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். சட்டம் படித்தவர்களுக்கே அந்த நிலை என்றால் பதினான்கு வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? அடைவில் உள்ள ஒரு பதிவைப் பற்றி, குறைந்தபட்சம் அந்தக் கட்டுரை இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

இரண்டாவது ஆபத்து, பக்கங்கள் காணாமல் போவது. பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-ல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை. தமிழில் நிலைமை இன்னும் மோசம். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு தளமும் தன் சொந்த எழுத்துருவில் எழுதிக்கொண்டிருந்தது. தமிழக அரசே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல்தான். அதற்கு முந்தைய இணையத் தமிழில் எஞ்சியிருப்பதும் பல இடங்களில் தேடுபொறிக்குப் புரியாத குறிகளாகவே கிடக்கிறது.

காசு கட்டிய தரவுத்தளம் இந்த இரண்டு ஆபத்துகளையும் குறைக்கும். முழுக்கப் போக்கிவிடாது. 2018-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலக் கல்வி வலையமைப்பு, பிள்ளைகளுக்கு ஒவ்வாத உள்ளடக்கம் இருக்கிறது என்று பெற்றோர் புகார் சொன்னதால் எப்ஸ்கோ தரவுத்தளத்தையே பள்ளிகளில் சில வாரம் நிறுத்தி வைத்தது. காசு கட்டிவிட்டோம், இனி கவலையில்லை என்று நூலகர் ஒதுங்கிவிட முடியாது.

இலவசம் என்றால் கூகுளும் யூடியூபும் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இணையத்திலேயே காசு கேட்காத முறையான அடைவுகள் இருக்கின்றன. மருத்துவத்துக்கு பப்மெட், 1997 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கல்வித் துறைக்கு எரிக். எல்லோரும் படிக்கத் திறந்திருக்கும் ஆய்விதழ்களுக்கு டிஓஏஜே. ஆய்விதழ்களின் மின்தொகுப்பான ஜேஸ்டோரில் தனிநபர் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம்; நூலகர் ஒரு கணக்கு வைத்திருந்தாலே மேல்நிலை மாணவர்களின் பெரும்பாலான தேவைக்குப் போதும். பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமி 1996 முதல் நடத்தும் 'ரெசொனன்ஸ்' மாத இதழின் பழைய இதழ்கள் அத்தனையும் இலவசம். பிளஸ் டூ இயற்பியல், வேதியியல் ஆசிரியர்கள் அதைப் பார்க்காமல் இருப்பது பெரிய இழப்பு. ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்நூலகமும் இருக்கிறது. இலவசம் நிரந்தரம் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். அமெரிக்க அரசுப் பணத்தில் நடக்கும் எரிக் அடைவின் நிதி 2025-ல் பெருமளவு வெட்டப்பட்டது.

அப்படியானால் யார்தான் சந்தா கட்டலாம்? ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளிகள் கட்டலாம். அங்கே ஒவ்வொரு பட்டயப் பிரிவு மாணவரும் 4,000 வார்த்தை வரை ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும்; மேற்கோள் சரியில்லை என்றால் மதிப்பெண் போகும். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் பள்ளிகளிலும் இதற்கு நியாயம் உண்டு. சிபிஎஸ்இ பள்ளிகளில் பிளஸ் டூ செயல்திட்டம் இருக்கிறது. ஆனால் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஜெராக்ஸ் கடையில் தயார் செயல்திட்டம் விற்கும் வரை, தரவுத்தளம் வாங்கினாலும் திறக்க ஆளிருக்காது. அங்கே முதலில் மாற வேண்டியது செயல்திட்டத்தைத் திருத்தும் முறை. எங்களைப் போன்ற மாநிலப் பாடத்திட்டப் பள்ளிக்கு, தமிழ் வழி மாணவர்கள் இருக்கும் பள்ளிக்கு, இந்தத் தரவுத்தளங்கள் பொருந்தாது. நம் பிள்ளைகள் படிக்கும் இதழ்கள் அதில் இல்லை. அதில் உள்ள இதழ்கள் நம் பிள்ளைகள் படிக்கும் நிலையில் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு வேண்டியது தமிழ் இதழ்களுக்கான அடைவு. அதற்கு ஒரு நல்ல முன்மாதிரி ஈழத்தமிழர்களிடம் இருக்கிறது. 2005-ல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயர் கொண்ட இணையதளம், இலங்கைத் தமிழ் இதழ்களை மின்மயமாக்கி வைத்திருக்கிறது. அங்கே 'மல்லிகை' என்ற இலக்கிய இதழின் ஒரு பழைய பிரதிக்கான பக்கத்தைத் திறந்தால் படக்கோப்போடு நிற்காமல், அந்த இதழில் என்னென்ன கட்டுரை, கதை, யார் எழுதியது என்ற உள்ளடக்கப் பட்டியலும் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அதனால் கட்டுரைத் தலைப்பைத் தேடினாலே இதழ் கைக்கு வருகிறது. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு இதழாகத் திறந்து தட்டச்சு செய்திருக்கிறார்கள். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தையே எரியக் கொடுத்த சமூகம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஏராளமான இதழ்களை மின்மயமாக்கியிருப்பது பெரிய சேவை. ஆனால் அங்கே இதழின் பெயர் தெரிந்தால்தான் பெரும்பாலும் வழி கிடைக்கிறது. பொருள் மட்டும் தெரிந்து வரும் மாணவர் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

அதனால் தாளாளரிடம் நான் சொன்னது இதுதான். தரவுத்தளச் சந்தா வேண்டாம். அந்தத் தொகையில் ஒரு பங்கை இதழ்ச் சந்தாக்களுக்குக் கொடுங்கள்: 'துளிர்', 'கலைக்கதிர்', மத்திய அரசின் 'திட்டம்', ஆங்கிலத்தில் 'சயின்ஸ் ரிப்போர்ட்டர்', 'டவுன் டு எர்த்'. இன்னொரு பங்கு பைண்டிங்குக்கு. ஆண்டு முடிவில் இதழ்களை எடைக்குப் போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். மூன்றாவது பங்கு, பகுதி நேரமாக ஒருவர் அடைவு வேலை செய்ய. கணினியில் ஒரு எக்செல் தாள் போதும். பொருள் தலைப்பு, கட்டுரைத் தலைப்பு, எழுதியவர், இதழ், மாதம், பக்கம், கூடவே ஒரு வரியில் கட்டுரை எதைப் பற்றியது, எந்த வகுப்புக்குப் பொருந்தும் என்ற குறிப்பு. இந்தக் கடைசி நிரல் எந்த வெளிநாட்டுத் தரவுத்தளத்திலும் நம் பாடத்திட்டப்படி கிடைக்காது. பொருள் தலைப்புகளை மட்டும் நூலகர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆளுக்கொரு தலைப்பு போட ஆரம்பித்தால் அடைவு குலைந்துவிடும். பதிவு செய்யும் வேலையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். ஒரு கட்டுரையைப் படித்து அது எதைப் பற்றியது என்று ஒரே வரியில் எழுதுவதைவிட நல்ல மொழிப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இதை ஒரு பள்ளி தனியாகச் செய்தால் மெதுவாகத்தான் நகரும். பூலின் 1882-ஆம் ஆண்டு வழி இங்கே உதவும். ஒரு கல்வி மாவட்டத்தில் நூலகர் இருக்கும் சில பள்ளிகள் சேர்ந்து, ஆளுக்கு இரண்டு இதழ் என்று பிரித்துக்கொண்டால், ஒரே பகிர்வுத் தாளில் எல்லாருக்கும் அடைவு கிடைத்துவிடும். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகத்தை ஒரு ஆசிரியர்தான் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அவர்களுக்கு இந்தச் சுமையைக் கொடுக்கக் கூடாது. பலனை மட்டும் கொடுக்கலாம்.

பெரிய அளவில் அரசு செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் 1995-ல் தொடங்கிய கலிலியோ போன்ற திட்டங்களில், மாநிலமே மொத்தமாகச் சந்தா கட்டிப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் தரவுத்தளத்தைத் திறந்துவிடுகிறது. இந்தியாவில் மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களைத் திறந்துவிடுகிறது. ஆனால் அது அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத்தான். அதைப் பள்ளிக்கும் நீட்டிக்கச் சொல்லிக் கேட்பதைவிட, அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய ஒரு தொகையைத் தமிழ் இதழ்களின் கட்டுரை அடைவுக்கு ஒதுக்கச் சொல்லி மாநில அரசைக் கேட்பதே பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவும். அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், கன்னிமாரா என்று இதழ்கள் குவிந்திருக்கும் இடங்களும், நூலக அறிவியல் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களும் நம்மிடம் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் உங்கள் பள்ளிக்குத் தரவுத்தளம் வேண்டும் என்று தோன்றினால், பிரதிநிதியிடம் சோதனைக் காலம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். அவர்கள் காட்டும் மாதிரித் தேடல்களை ஒதுக்கிவிட்டு, சென்ற ஆண்டு உங்கள் மாணவர்கள் உண்மையில் கேட்ட கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். ஒரு பத்தாம் வகுப்பு மாணவரையே தேட விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். விலை இணையத்தில் பெரும்பாலும் இருக்காது, மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பேசித்தான் முடிப்பார்கள். அதனால் பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்து பேசுங்கள். முதல் ஆண்டு முடிந்ததும் பயன்பாட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை கட்டுரைகள் முழுசாகத் திறக்கப்பட்டன என்ற எண்ணைப் பாருங்கள். அந்த எண் சொற்பமாக இருந்தால் புதுப்பிக்காதீர்கள்.